துவைக்காத துண்டு

ஜனவரி 19

பாப்பா,

இனிமேல் போன் பண்ணாதே.

கோபத்தில் சொல்லவில்லை. கோபம் வந்தால் நான் எழுதிக்கொண்டா உட்கார்ந்திருப்பேன், போனிலேயே கத்தித் தீர்த்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். விஷயம் மேனேஜர்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயா, எனக்குத்தான் போனைக் காதில் வைத்தால் ஒரு எழவும் கேட்காதே, வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு இஸ்திரி மேஜைமேல் வைத்திருந்தேன். நீ, "மேனேஜர் சாப்ட்டாரா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். மேஜைக்கு அடியில் படுத்திருந்தவன் துள்ளி எழுந்தான். கடையில் கிடந்த அழுக்கு மூட்டையை எல்லாம் ஒவ்வொன்றாக மூக்கால் புரட்டினான். மாடிக்கு ஓடினான். உன் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், குளியலறை பக்கெட்டுக்குள்ளேகூட எட்டிப் பார்த்தான். பக்கெட்டுக்குள் நீ எப்படியம்மா இருப்பாய்? அப்புறம் வாசலுக்கு வந்து, நீ பெட்டியை இழுத்துக்கொண்டு போன பக்கம் பார்த்து உட்கார்ந்தவன்தான். இரண்டு நாளாக முட்டையைக்கூடத் தொடவில்லை.

பக்கத்துக் கடைத் தையல்காரர், "அண்ணே, வெளியில போய்ப் பேசிட்டு வாங்களேன், அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதையும் செய்து பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டுத் தெருமுனை போவதற்குள் உள்ளே ஒப்பாரி. நாலு வீட்டு ஜனம் வாசலில் நிற்கிறது. நீ போனதிலிருந்து, தனியாக வாசலைத் தாண்டுகிற எவரும் திரும்பி வரமாட்டார்கள் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே காவல் இருக்கிறான்.

அவன் காதுக்குள், "கொஞ்ச நாள்தான்டா, உன்னையும் கூட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். என் காதிலும் அது விழுந்தது. அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது, ஒன்று விடாமல் செய்கிறேன். ஒரு நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது நீ. "மேனேஜர் ஏன் இப்பல்லாம் டல்லா இருக்காரு?" என்று துணி போட வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது நான்.

அவன் மட்டும் அங்கே வந்து சேர்ந்துவிட்டால் போதும். அப்புறம் நீயும் நானும் தினமும் பேசலாம்.

அப்பா


பிப்ரவரி 6

அப்பா,

அப்படியா ஒரு கடிதத்தை ஆரம்பிப்பது? முதல் வரியைப் படித்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். நாய் சாப்பிடவில்லை என்று எந்த மொழியில் சொன்னால் அது காரணமாகத் தெரியும்? தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

சரி. பண்ணவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இங்கே நாள் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் நின்று மூக்குக்கண்ணாடிக்கு வில்லை வெட்டுகிறேன். வேலைக்கு உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். எந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் பேசுவதுதான் வாய்விட்டு நான் பேசுகிற பேச்சு. அதையும் மேனேஜர் பிடுங்கிக்கொண்டார். இருக்கட்டும், வரட்டும், வைத்துக்கொள்கிறேன் அவரை.

இனி வேலையைக் கேளுங்கள். முதலில் கழுத்துத் தோலுக்கு அடியில் ஒரு சிப் வைக்க வேண்டும், அரிசி அளவுதான். அதற்கு அப்புறம் வெறிநாய் ஊசி. அதற்கு அப்புறம் ரத்தம் எடுத்துப் பரிசோதனை. அப்புறம் காத்திருக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. ஒரு நல்ல கூண்டு வாங்குங்கள், அவன் எழுந்து நிற்கிற உயரம், திரும்பிப் படுக்கிற அகலம். விமானத்தில் தனியாக, இருட்டில், அதற்குள்தான் வரப்போகிறான். அதனால் இப்போதிருந்தே தினமும் கொஞ்ச நேரம் அதில் படுக்கப் பழக்குங்கள். அதட்டாதீர்கள். நம் கடைக்கு எவருடைய அழுக்கு மூட்டையிலோ தூங்கிக்கொண்டே வந்தவன் அவன். அந்த மூட்டைக்காரரும் "இது எங்க கணக்குல இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருட்டில் அடைந்து வருவது அவனுக்குப் புதிதா என்ன? இப்படிச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு என் டீஷர்ட் ஒன்றும் பார்சலில் வருகிறது. வாரம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். அப்படியே கூண்டுக்குள் போடுங்கள். என் வாசனை இருந்தால் உள்ளே போய்ப் படுப்பான்.

நீங்கள் சாப்பிட்டீர்களா என்று மேனேஜருக்காக மட்டும் கேட்கவில்லை.

உங்கள் மகள்


பிப்ரவரி 27

பாப்பா,

ஒரு தப்பு நடந்துபோச்சு.

பார்சல் வந்த நேரம் கடையில் நல்ல கூட்டம். பிரித்தேன். மேலே சட்டை, அடியில் கடிதம். கைக்கு முதலில் வந்தது சட்டை. கழுத்துப் பட்டி கறுத்து, கக்கத்தில் வியர்வைக் கறையோடு இருந்தது. 'இந்தப் பொண்ணுக்கு அங்கே துணி துவைக்கக்கூட நேரமில்லை போல, அப்பனுக்கு அனுப்பியிருக்கு' என்று மனசு இளகிப்போச்சு. கை அதுபாட்டுக்கு ஊறப் போட்டுவிட்டது. கழுத்துக்குத் தனியாக பிரஷ் போட்டேன். இரண்டு தண்ணீர் அலசினேன். டீஷர்ட்டுக்கு யாராவது கஞ்சி போடுவார்களா? போட்டேன். இஸ்திரி போட்டு, உள்ளே அட்டை வைத்து மடித்தும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் கண்ணாடியைத் தேடி எடுத்து உட்கார்ந்து கடிதத்தைப் படித்தேன்.

தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்றார்.

"எம் பொண்ண துவைச்சிட்டேன்யா" என்றேன்.

இருந்தாலும் ஒரு நப்பாசை. அவன் முன்னால் வைத்துப் பார்த்தேன். மோந்தான். ஒரு தும்மல் போட்டான். மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வாடிக்கைத் துணி என்று நினைத்துவிட்டான், பாவம்.

உன் அலமாரியைக் குடைந்தேன், ஏதாவது ஒன்றாவது இருக்காதா என்று. எல்லாம் நானே துவைத்து அடுக்கியது. தலையணை உறைகூட இல்லை. நீ விமானம் ஏறின அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டேன். அன்றைக்கு எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த வீட்டில் உன் வாசனை உள்ள துணி ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. அத்தனை சுத்தம்.

திட்டி எழுது. ஆனால் எழுது.

அப்பா


மார்ச் 15

ஏன்ப்பா இப்படிப் பண்ணுகிறீர்கள்?

வாரம் முழுக்க ஒரே சட்டையில் படுத்து எழுந்தேன். கஞ்சியாம், அட்டையாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்திருந்தேன். இன்னொன்று அனுப்பினாலும் உங்கள் கை சும்மா இருக்காது. எனக்கும் பொறுமை இல்லை. விடுங்கள். உங்கள் தோளில் எந்நேரமும் ஒரு பச்சைத் துண்டு கிடக்கிறதே, அதையே போடுங்கள். கூண்டுக்குள் அவனுக்குத் தெரிந்த மனிதர் வாசனை ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அதையாவது துவைத்துத் தொலைக்காமல் போடுங்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரியம்மாவிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். என்னைப்போல ஒப்பந்தத்தில் வந்தவர்கள் பெற்றோரைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாதாம். ஒப்பந்தம் முடியும்வரை நானும் வேலையை விட்டு வர முடியாது. நாயைக் கூட்டிவர வழி இருக்கிறதாம். அவரே சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தால், தபால் எடுக்க வருகிற நேரமாகிவிட்டது.


மே 24

பாப்பா,

சிப் விஷயத்தில் நம் மாட்டு டாக்டர் சொதப்பிவிட்டார். "போன மாசம்தான ஊசி போட்டேன், அதுவே போதும்" என்று சிப்பை மட்டும் வைத்து அனுப்பிவிட்டார். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி செல்லாது என்று தையல்காரர் தன் போனில் படித்துச் சொன்னார். மறுபடி ஊசி, மறுபடி ரத்தம், மறுபடி காத்திருப்பு. டாக்டரிடம் சண்டை போடப் போனேன். அவர் ஒரு மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். அப்படி நிற்கிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? வந்துவிட்டேன். நல்லவேளை, இந்தத் தடவை எல்லாம் சரியாக அமைந்தது. ஜூலையில் அனுப்பலாம்.

நீ எழுதின அந்த இன்னொரு விஷயத்தைத் தையல்காரரிடம் சொன்னேன். "அண்ணே, உங்க கழுத்துலயும் ஒரு சிப்பை வச்சு, ரெண்டு ஊசியப் போட்டு, நாய்னு சொல்லி ஏத்திவிட்டுடலாமா?" என்கிறார். கூண்டுதான் பற்றாது என்றேன். நீ அதை நினைத்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. எனக்குக் கடை இருக்கிறது.

கூண்டு பழகிவிட்டான். முதல் நாள் துண்டை உள்ளே போட்டதும் முகர்ந்துகொண்டே பாதி உடம்பு போனான், வாலும் பின்னங்காலும் வெளியே. இப்போது நான் "படு" என்றால் அவனாகவே நுழைந்து, துண்டை முன்னங்காலால் சுருட்டி, அதன்மேல் மோவாயை வைத்துக்கொள்கிறான். கதவைச் சாத்துகிறேன். கொஞ்ச நேரம் இஸ்திரி போடுகிறேன். அப்புறம் திறக்கிறேன். திறந்ததும் என்னவோ நான்தான் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த மாதிரி குதிக்கிறான். தினமும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறேன். ஒரு சத்தம் போடுவதில்லை. நான் திறந்துவிடுவேன் என்று தெரியும் அவனுக்கு.

அப்பா


ஜூலை 19

பாப்பா,

நேற்று ஏற்றிவிட்டேன். இது உன் கைக்கு வருவதற்குள் அவன் வந்திருப்பான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம்தான் விமான நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். சரக்குக் கொட்டகை. பெட்டி, பீப்பாய், ஒரு பியானோகூட நின்றது. தையல்காரர் வண்டி பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். அங்கே ஒரு அதிகாரி சிப்பைக் கருவி வைத்துப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், "உள்ள விடுங்க" என்றார். எல்லோரும் நான் தூக்கிப் போட்டு அடைக்கப் போகிறேன், அவன் ரகளை பண்ணப் போகிறான் என்று ஒதுங்கி நின்றார்கள். நான் வழக்கம்போல "படு" என்றேன். அவனாகவே நடந்து உள்ளே போனான். துண்டைச் சுருட்டினான். மோவாயை வைத்தான். என்னைப் பார்த்து வாலை இரண்டு தட்டுத் தட்டினான்.

"ரொம்ப நல்ல ட்ரெய்னிங் குடுத்திருக்கீங்க பெரியவரே" என்றார் அதிகாரி.

பாப்பா, தினமும் அந்தக் கதவைத் திறந்தது நான்தானே? நேற்றும் நான்தான் திறப்பேன் என்று நினைத்துத்தான் போனான். அப்படிப் பழக்கினதே நான்தான். ஒரு குரல் குரைத்திருந்தால், ஒரு பிராண்டு பிராண்டியிருந்தால் எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்க்க முடியாதபடி அந்தக் கூண்டின் பின்பக்கம் அடைப்பு. தையல்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

சரி, போகட்டும். உன்னைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிடுவான். இந்த ஞாயிற்றுக்கிழமை நானே போன் பண்ணுகிறேன். ஜனவரியிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறேன், நிறைய இருக்கிறது பேச.

அப்பா


ஆகஸ்ட் 10

பாப்பா,

"வந்துட்டான்ப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணி, "மேனேஜர்! டேய் மேனேஜர்!" என்று கூப்பிட்டதும் லைன் அறுந்தது. அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் நீ எடுப்பதில்லை. நான் தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா? கூண்டில் ஏதாவது குறையா? அவன் நன்றாகத்தானே இருக்கிறான்?

எதுவானாலும் சொல்லிவிடு.

அப்பா


ஆகஸ்ட் 28

அப்பா,

இனிமேல் போன் பண்ணாதீர்கள்.

இந்த வரியைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு வந்த வரிதானே. இதை எழுத முடியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

அவன் உயிரோடு, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தான். இங்கே விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் நான்தான் கூண்டைத் திறந்தேன். வெளியே வந்தான். என்னை மறக்கவில்லை அப்பா, அதைச் சொல்லிவிடுகிறேன். முகம் முழுக்க நக்கினான். என் கழுத்தில் ஏறினான். நான் அழுதுகொண்டே அவனைக் கட்டிப் பிடித்தேன். அப்புறம் அவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கொட்டகைக் கதவைப் பார்த்தான். என்னைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்த் தேடினான். உங்களைத்தான்.

துண்டை அவன் விடவில்லை. அறைக்கு வந்த அன்றிலிருந்து அதன்மேல்தான் படுக்கை, வாயில் கவ்வியபடியேதான் நடமாட்டம். நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை பேசினீர்கள் இல்லையா? நானும் புத்தி கெட்டுப்போய், அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். உங்கள் குரல் வந்ததும் துள்ளினான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான், அலமாரியில் பார்த்தான், குளியலறைக்கு ஓடினான். அப்பா, பக்கெட்டுக்குள் பார்த்தான். நான் போனை அணைத்துவிட்டேன். அதற்குள் கதவைப் பிராண்டி ஊளையிட ஆரம்பித்தான், நிறுத்தவே முடியவில்லை. வீட்டுக்காரம்மா மேலே ஏறி வந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் அவருக்கும் மற்ற குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் நாயை அனுப்பிவிட வேண்டும், இல்லை நாங்கள் இருவருமே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

காதில் வைத்துப் பேசினாலும், உங்களுக்குக் கேட்கிற மாதிரி நான் "அப்பா" என்று கத்தியதுமே உங்களைத் தேட ஆரம்பித்துவிடுவான். வெளியே நின்று பேசலாமே என்பீர்கள். வேலைக்குப் போவதைப் பழக்குவதற்கே உயிர் போனது. அதற்குமேல் ஒரு நிமிஷம் வெளியே நின்றாலும் அழுகிறான். என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோய், பஸ் நிறுத்தத்தில் இருந்து ஒரு நாள் வேறொருவர் போனில் கூப்பிட்டேன். பஸ் இரைச்சலில் நீங்கள் "யாரு? யாருங்க பேசறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் "அப்பா, அப்பா" என்று கத்தியதைப் பார்த்து நிறுத்தத்தில் நின்றவர்கள் நகர்ந்துபோனார்கள்.

உங்கள் துண்டை என் தோளில் போட்டுக்கொண்டு தட்டை நீட்டினால் கொஞ்சம் சாப்பிடுகிறான். அதைக் கண்டுபிடித்ததே பெரிய விஷயம். ஆனால் வாசனை குறைந்துகொண்டே வருகிறது. எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் நானும் முகர்ந்து பார்க்கிறேன். இஸ்திரிச் சூடும் சோப்பும் நீங்களும் கலந்த வாசனை. உங்கள் துண்டைப் போடச் சொன்னது நான்தான். எந்த நேரத்தில் எழுதினேனோ.

திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மறுபடி அந்தப் பெட்டியில் அவனை எந்தக் கையால் அடைப்பேன்? அங்கே வந்தால் என்னைத் தேடுவான். இங்கே உங்களைத் தேடுகிறான். அவனுக்கு நாம் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

நான் என்னப்பா பண்ணட்டும்?

உங்கள் மகள்


செப்டம்பர் 16

பாப்பா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தெரிந்தால் சொல்லமாட்டேனா?

என்னால் ஆனது இந்தப் பார்சல். இரண்டு துண்டு, ஒரு பனியன், ஒரு சட்டை. சட்டையை ஒரு வாரமாக மாற்றாமல் போட்டேன். இஸ்திரி மேஜை முன்னால் நின்று வியர்த்து ஒழுகி, அது உடம்பிலேயே காய்ந்தது. "அண்ணே, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, பக்கத்துல வர முடியல" என்கிறார் தையல்காரர். துணி போட வந்த அம்மா ஒருத்தி என்னையும் என் சட்டையையும் பார்த்துவிட்டு, மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். ராத்திரி கழற்றி வைக்கும்போது கை பரபரக்கும். தண்ணீர்த் தொட்டிப் பக்கமே போகாமல் மாடிக்கு ஏறிவிடுவேன். இத்தனை வருஷத்தில் என் கடையிலிருந்து நான் அழுக்கோடு வெளியே அனுப்புகிற துணி, அந்தப் பச்சைத் துண்டுக்கு அப்புறம் இதுதான்.

ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் ஒட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துவிடாதே. ஒன்றில் வாசனை போனதும் அடுத்தது. தீர்வதற்குள் எழுது, மறுபடி அனுப்புகிறேன். போன் பண்ணமாட்டேன், பயப்படாதே.

இங்கே எல்லாம் பழையபடிதான். மேஜைக்கு அடியில் யாரும் இல்லை என்று தெரிந்தும், வால் மிதிபடக் கூடாதே என்று இன்னும் காலை ஒதுக்கித்தான் வைக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. உன் பழைய டீஷர்ட் ஒன்று, நீ போட்டது, அவனும் படுத்துப் புரண்டதாக இருந்தால் இன்னும் நல்லது, எனக்கு அனுப்பு. முடி ஒட்டியிருந்தாலும் தட்டாதே. பார்சல் கட்டும்போது மட்டும் கடிதத்தை மேலே வை, சட்டையை அடியில் வை. முதலில் படித்துவிடுகிறேன்.

அப்பா